மைனர், மேஜர், நடுவுல ராமானுஜன்

சென்னீர்குப்பத்துல இருந்து ஒரு பி.இ. மாணவர் கேட்டிருக்கார்: "மைனர் எடுத்தா டபுள் மேஜர் கணக்கா?" இல்லைங்க.

மேஜர், மைனர் முறையை 1870களின் கடைசியிலேயே அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கொண்டுவந்துவிட்டது. ஒரு பாடத்தில் ஆழமா, இன்னொன்றில் கொஞ்சம். நம்ம மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் அப்போ எஃப்.ஏ. தேறணும்னா எல்லாப் பாடமும் தேறணும். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்த ராமானுஜன் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். அப்புறம் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறல. 1912இல் டிகிரி இல்லாமலே துறைமுகத்தில் கிளார்க். 1916இல் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. கொடுத்தது கேம்பிரிட்ஜ்! பின்னாடி இங்கே வந்த 'அலைடு' பாடமும் பெரும்பாலும் காலேஜ் முடிவு பண்ணினதுதான்.

இப்போ அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, வேறு துறையில் 18 கிரெடிட் முடிச்சா மைனர். இது வழக்கமான கிரெடிட்டுக்கு மேல கூடுதல். எதையும் கழிக்க மாட்டாங்க. மூணு கிரெடிட் பேப்பர்னா ஆறு பேப்பர். பட்டம் என்னவோ ஒண்ணுதான். ரெண்டு டிகிரி ஒரே சமயத்தில் படிக்க 2022இல் யுஜிசி அனுமதிச்சது வேற கதை. அதுக்கு அட்மிஷனும் தனி, ஃபீஸும் தனி. உங்களுடையது தன்னாட்சிக் கல்லூரின்னா, சீனியர் சொல்றதை விட்டுட்டு உங்க பேட்ச் ரெகுலேஷனை எடுத்துப் படிங்க.