பிளேட்டு மாமியின் பெயர்

மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை நாங்கள் ஆறு பெண்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த மாதம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும், அது ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும். ராகம் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் இரண்டு பேர்தான். அதனால் யாருக்கும் யாரிடமும் பயமில்லை.

ஒருமுறை ஒரு தோழி கோயம்புத்தூர் தாயியின் பழைய இசைத்தட்டுப் பதிவு ஒன்றைப் போட்டார். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு அந்தக் குரல் எழுந்ததுமே, "அட, எங்கள் பாட்டியின் பிளேட்டு மாமி!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக் கதையைச் சொன்னேன். கும்பகோணத்தில் பாட்டி சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் கிராமபோன் பெட்டி இருந்தது. சாவி கொடுத்து, ஊசி மாற்றி, கூடத்தில் ஆண்கள் கேட்பார்கள். பெண்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால். அவர்களில் யாரும் கச்சேரிக்குப் போனதில்லை. "யாரு பாடறா?" என்று பாட்டி கேட்டதற்கு, "பாட்டைக் கேளு, பேரு உனக்கெதுக்கு?" என்று பதில் வந்ததாம். அதனால் பாட்டியே ஒரு பெயர் வைத்துக்கொண்டாள்: பிளேட்டு மாமி. எண்பது வயதிலும் அந்த மெட்டுகளை முணுமுணுப்பாள். எனக்கு இது இனிமையான குடும்பக் கதையாகத்தான் இருந்தது.

தட்டைக் கொண்டுவந்த தோழி இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "ஏன் மாமி?"

என்னிடம் பதிலில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

கிராமபோன் கம்பெனி இந்தியாவில் முதன்முதலாகக் குரல்களைப் பதிவு செய்தது 1902 நவம்பரில், கல்கத்தாவில். அங்கே பாடிய கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டுகள் ஜெர்மனியில் அச்சாகும். அங்கிருக்கும் தொழிலாளிக்கு எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டும். அது ஒரு தொழில் ஏற்பாடு. ஆனால் இன்று கேட்கும்போது எனக்கு அது வேறாக ஒலிக்கிறது. ஒரு பெண் தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போடுகிறாள்.

பல ஆண் வித்துவான்கள் இந்த இயந்திரத்துக்கு முன்னால் உட்காரத் தயங்கினார்கள். மேடையையும் ஊதியத்தையும் ஏற்கெனவே அறிந்திருந்த பெண்கள் துணிந்தார்கள். தெற்கில் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என, தேவதாசி மரபிலிருந்து வந்தவர்கள். அப்போது மைக் கிடையாது. மின்முறைப் பதிவு 1925இல்தான் வந்தது. அதுவரை ஒரு பெரிய புனலுக்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிடம்போலத்தான் இடம். மணிக்கணக்கில் விரியும் ராகத்தை அதற்குள் எப்படி அடக்குவது, எதை விடுவது, எங்கே முடிப்பது? இதற்கு முன்மாதிரி ஏதுமில்லை. அந்தப் பெண்கள்தான் பாடிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

தாயியின் தட்டு கடல்கடந்தும் போனது. 1912இல் இந்தியா வந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், அவர் தட்டு ஒன்றைக் கேட்டு மயங்கி, குரலுக்கும் பியானோவுக்குமாக 'ராகமாலிகா' என்ற படைப்பை உருவாக்கினார். இந்திய ஒலிக்காகப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டையைச் செருகச் சொன்னார். ஒரு ரசிகர் தான் கேட்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று. பாரிஸ் வரை தட்டு போயிற்று. எங்கள் வீட்டிலோ தட்டு கூடம்வரை வந்தது, பாடியவரின் பெயர் வாசலிலேயே நின்றது. அவரே வந்திருந்தால் அவரும் வாசலில்தான் நின்றிருப்பார்.

அந்தப் பெண்கள் நின்ற இடம் எப்படிப்பட்டது என்பதற்குத் திருவையாறு ஒரு சாட்சி. தியாகராஜர் சமாதிக்கு 1920களில் தன் சொந்தச் சேமிப்பைக் கொட்டிக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதியில்லை. அவர் மன்றாடிக்கொண்டிருக்கவில்லை, 1927இல் பெண்களுக்கென்று தனி ஆராதனையைத் தொடங்கினார். இன்று வானொலியில் பஞ்சரத்தினம் கேட்கும் எத்தனை பேர் அவர் பெயரை நினைக்கிறார்கள்?

தேவதாசி முறையில் சுரண்டல் இருந்தது; சிறுமிகளைப் பொட்டுக்கட்டுவதைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேவையானது. ஆனால் அந்தக் காலத்தில் மேடைக்கு "குடும்பப் பெண்" என்ற அளவுகோல் வந்தது. பாட்டு நின்றுவிடவில்லை. பாடியவர்கள் மாறினார்கள். என் சாதிப் பெண்கள் அந்தக் கதவு வழியாக வந்தவர்கள். அவர்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை. டி.கே. பட்டம்மாள் 1930களில் பொதுமேடையில் பாடியதே அன்று பெரிய துணிச்சல். ஆனாலும் கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை.

முன்னெழுத்துகளைப் பாருங்கள். பட்டம்மாளின் 'டி.கே.' என்பது தாமல் என்ற ஊரும் கிருஷ்ணசாமி என்ற அப்பாவும். சுப்புலட்சுமியின் 'எம்.எஸ்.' என்பது மதுரையும் சண்முகவடிவு என்ற அம்மாவும். வீணை வாசித்த அந்த அம்மாவின் பெயர் உலகம் முழுவதும் இரண்டு எழுத்துகளுக்குள் ஒளிந்துகொண்டு போனது. 'எம்.எஸ். அம்மா' என்று நாம் உருகும்போது அந்த 'எஸ்' யார் என்று கேட்பதில்லை.

இப்போது 'பிளேட்டு மாமி'க்குத் திரும்புகிறேன். பாட்டிக்கு அந்தப் பெண்மீது இருந்தது அன்புதான். ஆனால் அந்த அன்பு, தனக்குத் தெரிந்த ஒரே மரியாதைச் சொல்லைப் போட்டு அவரைத் தன் சாதிக்காரியாக்கிக்கொண்டது. பாட்டிக்குப் பெயர் மறுக்கப்பட்டது உண்மை. அவள் வைத்த பெயர் இன்னொருத்தியை அழித்ததும் உண்மை. கதவுக்குப் பின்னால் நின்றவளைப் பற்றி மட்டும் பேசினால் என் பெண்ணியம் எங்கள் வீட்டோடு முடிந்துவிடும்.

பாட்டி கேட்டது தாயியா, கோதாவரியா, வேறொருவரா என்று இனிச் சொல்ல முடியாது. தட்டுகள் எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டன. இதைத் தோழியிடம் சொன்னபோது, "அப்ப எல்லாரையும் கேளு" என்றார்.

அதன்பிறகு எங்கள் கூட்டத்தில் ஒரு புது வழக்கம். எதைப் போட்டாலும் முதலில் பாடியவரின் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும். தெரிந்தால் யாரிடம் கற்றார், அம்மா யார் என்றும். போன மாதம் ஒருவர் டி. பிருந்தாவைக் கொண்டுவந்தார். கூடவே அவருடைய பாட்டி வீணை தனம்மாளின் பெயரும் வந்தது. ஜார்ஜ்டவுன் வீட்டில் அவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததும், வித்துவான்களே வந்து அடக்கமாக உட்கார்ந்து கேட்டதும் வந்தன. ஒரு பதத்தைக் கேட்க உட்கார்ந்தவர்கள் மூன்று தலைமுறைப் பெண்களைக் கேட்டுவிட்டு எழுந்தோம்.

இந்த மாதம் என் முறை. தனம்மாள் 1932இல் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்த பதிவுகளைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இப்போது யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?