முன்மொழிவு 187: தெருவில் இறங்கிய லாஸ் ஏஞ்சலீஸ்

1994இல் கலிஃபோர்னியாவில் வேலையில்லாத் திண்டாட்டம். மறுதேர்தலுக்கு நின்ற ஆளுநர் பீட் வில்சனுக்குப் பழி சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லைச் சாவடியில் வாகனங்களுக்கு நடுவே ஓடிவரும் மனிதர்களைக் காட்டி, 'வந்துகொண்டே இருக்கிறார்கள்' என்றது அவருடைய டி.வி. விளம்பரம்.

அவர் ஆதரித்த 'முன்மொழிவு 187' நவம்பர் 8 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. அதன்படி, குடியேற்ற ஆவணமில்லாத பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. அவசர சிகிச்சை தவிர அரசு மருத்துவமும் இல்லை. இவற்றைவிடக் கொடியது இன்னொன்று. பிள்ளையிடம் மட்டுமல்ல, பெற்றோரிடமும் ஆவணம் கேட்டு, சந்தேகம் வந்தால் பள்ளியே குடியேற்றத் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பாடம் சொல்லும் இடத்தை உளவு பார்க்கும் இடமாக்கும் சட்டம் அது.

எதிர்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'ஊர்வலம் வேண்டாம், வெள்ளையர் வாக்கு போய்விடும். சட்டவிரோதக் குடியேற்றம் பிரச்சினைதான், ஆனால் 187 அதைத் தீர்க்காது என்று மட்டும் சொல்வோம்' என்றார்கள் தொழில்முறைப் பிரசாரகர்கள். தொழிற்சங்கத்தாரும் குடியேறிகள் அமைப்பினரும் கேட்கவில்லை. அக்டோபர் 16 அன்று கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து நகர மன்றம் வரை சுமார் 70,000 பேர் நடந்தார்கள். நவம்பர் 2 அன்று 10,000க்கும் அதிகமான மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். வாக்குரிமை இல்லாத வயது. ஆனால் பறிபோகவிருந்தது அவர்கள் வகுப்புத் தோழர்களின் இடம்.

முடிவு? 59 சதவீதம் பேர் 187ஐ ஆதரித்தார்கள். ஊர்வலத்தில் பறந்த மெக்சிகோ கொடிகளே தோல்விக்குக் காரணம் என்று பலர் பழித்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாநில மக்களில் கால்வாசிப் பேர் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். வாக்களித்தவர்களில் அவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பலருக்குக் குடியுரிமை இல்லை, பலருக்கு வயது வரவில்லை. அடக்கி வாசித்தவர்களோ எதிராளியின் வாதத்தில் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

சட்டத்தை நீதிமன்றம் சில நாட்களிலேயே தடுத்தது. நீதிபதி மரியானா ஃபெல்சர் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவையாக்கினார். மேல்முறையீடு 1999இல் கைவிடப்பட்டது. இதற்கிடையே குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் பல மடங்கு பெருகினார்கள். வாக்காளர் பட்டியலே மாறியது.

அந்த ஊர்வலத்தை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவர் கெவின் டி லியோன். பிற்பாடு மாநில செனட்டரான அவர் கொண்டுவந்த மசோதாதான், சட்டப் புத்தகத்தில் எஞ்சியிருந்த 187இன் செல்லாத வரிகளை 2014இல் நீக்கியது.