படமா, எழுத்தா?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாகப் போனால் தரமணி. அங்கேதான் இருக்கிறது, 1994-ல் தொடங்கிய ரோஜா முத்தையா நூலகம். பழைய தமிழ் நூல்களைப் படமெடுத்துக் காப்பாற்றுகிறார்கள். பெரிய காரியம்! ஆனால், யோசித்தீர்களா? பார்வையற்றவரின் கம்ப்யூட்டர் எழுத்தைத்தான் வாசித்துக்காட்டும். வெறும் படம் வந்தால் மௌனம்தான்.

1998 பொங்கலுக்குத் தொடங்கிய ‘மதுரைத் திட்ட’த்தில், தன்னார்வலர்கள் திருக்குறள் தொடங்கி நூல் நூலாக டைப் அடித்தார்கள். அப்போதும் ஒரு சிக்கல். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் ‘அ’வுக்கு வேறு வேறு எண்! யூனிகோடு வந்து எழுத்துக்கு ஒரே எண் என்றானதும்தான் பொதுவான வாசிப்பு மென்பொருள்களுக்கு வழி திறந்தது.

இது தயவு இல்லை சார், உரிமை. 2016 சட்டம் சொன்னது; 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் ‘டிஜிட்டல் வசதி வாழும் உரிமையில் அடக்கம்’ என்றது. பழம்பெருமையை வலையேற்றுகிறவர்களிடம் நீங்களும் கேளுங்கள்: படமா, எழுத்தா?