மண்புழு இல்லாத தோட்டம் எப்படி இருக்கும்?

மயிலாப்பூர், அடையாறு பக்கம் பழைய வீட்டில் மாமரம் இருந்தா, காலையில் முதல் வேலை சருகைப் பெருக்கி அள்ளுறதுதான். அந்தச் சருகு குப்பையா, இல்ல யாருக்காவது சாப்பாடா? பதில் இங்கிலாந்தின் ஆப்பிள் தோட்டங்களில் இருக்கு.

1881. சார்ல்ஸ் டார்வினின் கடைசிப் புத்தகம் வெளிவந்தது. முழுக்க மண்புழு பற்றியது. இங்கிலாந்தின் பல இடங்களில், ஏக்கருக்கு வருஷம் 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போகிறது என்று அதில் கணக்கிட்டிருந்தார்.

நாலே வருஷம் கழித்து, 1885. பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற தாவரவியலாளர், திராட்சை நோய்க்கு மருந்து கண்டதாக அறிவித்தார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல். பழத்தைத் திருடுபவர்களை விரட்ட சாலையோரக் கொடிகளில் தெளித்தது, பூஞ்சையையும் தடுத்ததை அவர் கவனித்திருந்தார். நம்ம விவசாயிகள் சொல்ற 'போர்டோ கலவை' இதுதான்.

செம்பு மருந்து ஆப்பிள் தோட்டத்துக்கும் போனது. ஆப்பிளின் சொறிநோய்ப் பூஞ்சை, குளிர்காலத்தை உதிர்ந்த இலைகளில் கழிக்கும். அதை ஒழிக்க வருஷா வருஷம் தெளித்தார்கள். செம்பு மக்காது, மழையில் எளிதில் கரைந்தும் போகாது. மேல்மண்ணிலேயே சேர்ந்துகொண்டே போகும்.

1962இல் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் எஃப். ரா தன் ஆய்வை வெளியிட்டார். புழு நிறைந்த தோட்டத்தில், உதிர்ந்த இலையில் 90 சதவீதத்துக்கு மேல் குளிர்காலம் முடிவதற்குள் மண்ணுக்குள் போயிருந்தது. பல வருஷம் செம்பு தெளித்த தோட்டத்தில் புழுவைக் காண்பதே அரிது. மக்காத இலை பாய் மாதிரி படிந்து கிடந்தது.

இப்போ முடிச்சைப் பாருங்க. நோய் தங்கும் இலையைக் கூலி வாங்காமல் அப்புறப்படுத்தியது புழு. அந்த நோய்க்கு அடித்த மருந்தே புழுவைத் தீர்த்துவிட்டது.

நம்ம ஊர்ப் புழுக்கள் வேறு இனம். ராயப்பேட்டை புதுக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், லாம்பிட்டோ மவுரிட்டி, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்ற உள்ளூர்ப் புழுக்களை வைத்தே உரம் தயாரிக்கலாம் என்று காட்டியவர். ஆனா அவற்றுக்கும் தேவை அதேதான்: சருகு, ஈரம், விஷமில்லாத மண்.

மாமரத்துக்கு வரும் ஆந்த்ராக்னோஸுக்கு இங்கேயும் செம்பு மருந்து தெளிக்கிறாங்க. அந்தப் பூஞ்சையும் காய்ந்த இலை, குச்சியில் தங்கும். அதனால் நோய் பிடித்ததை மட்டும் அகற்றுங்க. நல்ல சருகை மரத்தடியிலேயே விடுங்க. மருந்து, நிஜமாவே தேவைப்பட்டால் மட்டும். சருகை அள்ளிக் கொளுத்திட்டு, தி. நகரில் போய் மண்புழு உரப் பாக்கெட் வாங்குறது வீண் செலவு.