கணினிக் காணொளி இயக்கிகளில் தமிழ்த் துணையுரை

துணையுரை (சப்டைட்டில்) என்பது காணொளியில் பேசப்படுவதைத் திரையின் அடிப்பகுதியில் எழுத்தாகக் காட்டுவதாகும். கணினியில் இது பெரும்பாலும் காணொளியிலிருந்து தனித்த ஓர் உரைக்கோப்பாக இருக்கும். அக்கோப்பில் தமிழ் பிழையின்றித் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

கோப்பின் அமைப்பு

பரவலாக உள்ள வடிவம் எஸ்ஆர்டி ஆகும். டிவிடியில் படமாகப் பதிந்திருக்கும் துணையுரையை எழுத்தாகப் பிரித்தெடுக்கும் சப்ரிப் என்ற மென்பொருளிலிருந்து இது தோன்றியது. ஒவ்வொரு பகுதியிலும் வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உரை ஆகியவை இருக்கும். பகுதிகளுக்கு இடையே ஒரு வெற்று வரி விடப்படும். உரை எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்பதைக் குறிக்க இவ்வடிவத்தில் தனியிடம் இல்லை. சிக்கலின் வேர் இதுவே.

குறியாக்க வரலாறு

1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல, தத்தமக்கென வெவ்வேறு குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. புலம்பெயர்ந்த தமிழர் நடுவே டிஸ்கி வழங்கியது. டாப், டிஸ்கி ஆகியவை 256 இடங்களின் மேற்பாதியில் தமிழை வைத்தன. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அங்கே மேற்குறியிட்ட இலத்தீன் எழுத்துகளே தெரியும்.

ஒருங்குறியில் (யுனிகோடு) தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. யுடிஎஃப்-8 முறை 1992இல் உருவானது. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துரு சேர்க்கப்பட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

குறியாக்கம் சரியாக இருந்தாலும் போதாது. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்தின் இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வர வேண்டும். இயக்கி அவ்வாறு அடுக்காவிட்டால் சொல் சிதைந்து தோன்றும்.

விஎல்சி இயக்கியில் ஏற்றுதல்

பாரிசில் 1996இல் மாணவர் திட்டமாகத் தொடங்கிய விஎல்சி, 2001இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. அதில் தமிழ்த் துணையுரையை ஏற்றும் முறை வருமாறு:

1. கோப்பை நோட்பேடில் திறந்து, யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்க வேண்டும்.
2. காணொளியின் பெயரையே கோப்புக்கும் இட்டு, இரண்டையும் ஒரே கோப்புறையில் வைத்தால் அது தானே ஏறும். பெயர் வேறானால் துணையுரைப் பட்டியலில் கோப்பைச் சேர்க்கும் தெரிவைப் பயன்படுத்தலாம்.
3. எழுத்து கட்டங்களாகத் தெரிந்தால், அமைப்புகளில் தமிழ் எழுத்துருவைத் தெரிவு செய்ய வேண்டும்.
4. உரை பேச்சுக்கு முந்தினால் எச் விசையையும், பிந்தினால் ஜி விசையையும் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தமும் 50 மில்லிநொடி நகர்த்தும்.

பயன்

பிறமொழிப் படம் பார்ப்போருக்குத் துணையுரை ஒரு வசதி. காதுகேளாதோருக்கோ அதுவே உரையாடல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு ஊடகங்களில் துணையுரை கிடைக்கச் செய்வதை அரசின் கடமையாக்கியுள்ளது. பழைய குறியாக்கத்தில் உறங்கும் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி வைத்தால், அவ்வுழைப்பு வீணாகாமல் அவர்களுக்கும் பயன்படும்.