நின்று நிலைக்கும் தர்மம்: ரூமா கிணறு முதல் முடிச்சூர் வெள்ளம் வரை

 

 

ஆண்டறிக்கையைக் கையில் எடுத்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டுவது வரவு செலவுப் பக்கத்தையே. அது நல்ல பழக்கம்தான். ஆயினும் அந்தப் பக்கத்திலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஆயிரத்து நானூறு ஆண்டுகளின் வரலாறு நிற்கிறது. அதைச் சிறிது நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் பகுதியின் அண்மைக்கால அனுபவம் ஒன்றையும் இறுதியில் கூற வேண்டியுள்ளது. அதில் என்னுடைய தவறும் உண்டு.

கிணறும் தோட்டமும்

நபிகளார் (ஸல்) மதீனாவுக்கு வந்த காலத்தில் அங்கு நல்ல குடிநீர் அரிதாக இருந்தது. ரூமா என்னும் கிணற்றின் நீர் சுவையானது. ஆனால் அது விலைக்கு விற்கப்பட்டது. அந்தக் கிணற்றை வாங்கிப் பொதுமக்களுக்கு விடுபவருக்கு நபிகளார் சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் அதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி அனைவருக்கும் திறந்துவிட்டார்கள். செல்வர், வறியர், ஊரார், வழிப்போக்கர் என்ற வேறுபாடு அந்தக் கிணற்றடியில் இல்லை.

அடுத்தது உமர் (ரலி) அவர்களின் தோட்டம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் போல் உயர்ந்த செல்வம் தம்மிடம் வேறில்லை என்று கூறி, அதை என்ன செய்வதென நபிகளாரிடம் ஆலோசனை கேட்டார்கள். அடிப்படைச் சொத்தை நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும்படி வழிகாட்டப்பட்டது. உமர் (ரலி) விதித்த நிபந்தனைகளை இன்றைய பத்திர எழுத்தாளர்களும் படித்துப் பயன்பெறலாம். அந்த நிலம் விற்கப்படக் கூடாது. அன்பளிப்பாகக் கொடுக்கப்படக் கூடாது. வாரிசுரிமையாகப் பிரிக்கப்படக் கூடாது. ஏழைகள், உறவினர், அடிமைகளின் விடுதலை, வழிப்போக்கர், விருந்தினர் ஆகியோருக்கே அதன் பயன் சேரவேண்டும். நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். செல்வம் சேர்த்துக்கொள்ளக் கூடாது. உமர் (ரலி) அவர்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றவர் அவர்களுடைய மகளார், அன்னை ஹஃப்ஸா (ரலி) ஆவார். ஒரு பெண்மணி வக்ஃபு நிர்வாகியாக இருந்த செய்தி நம் வரலாற்றின் முதல் பக்கங்களிலேயே இருக்கிறது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் தர்மத்தின் இரண்டு இலக்கணங்களைத் தருகின்றன. தேவையுள்ள அனைவருக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும் என்பது கிணற்றின் பாடம். நிபந்தனையும் பொறுப்பும் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்பது தோட்டத்தின் பாடம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தர்மம் நெடுநாள் நிற்பதில்லை.

மருத்துவமனையும் கல்விக்கூடமும்

பிற்காலத்தில் இந்த ஏற்பாடு பெரும் மரமாகத் தழைத்தது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் துணைவியார் ஜுபைதா, ஹஜ் பயணிகளுக்காக மக்காவில் நீர்வழி அமைத்தார். கூஃபாவிலிருந்து மக்கா வரையிலான பாதையில் அவர் கட்டிய நீர்த்தேக்கங்களால் அப்பாதைக்கே அவர் பெயர் வழங்கலாயிற்று. கி.பி. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை, வக்ஃபு வருமானத்தில் பல நூற்றாண்டுகள் நோயாளிகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சையளித்தது.

நம் தமிழகத்திலும் இந்த மரபு வேரூன்றி நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகப் பெருமகன் ஷைகு அப்துல் காதிர் என்னும் வள்ளல் சீதக்காதி, உமறுப் புலவரை ஆதரித்துச் சீறாப்புராணம் உருவாகத் துணைநின்றவர். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று அவரைப் பற்றித் தமிழ் மக்கள் பழமொழியே வழங்கிவருகின்றனர். வாணியம்பாடியில் தோல் வணிகர்கள் முன்னின்று வளர்த்த முயற்சியால் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1951-இல் சென்னை ராயப்பேட்டையில் புதுக்கல்லூரியும், திருச்சியில் ஹாஜி ஜமால் முஹம்மது சாஹிப், காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் ஜமால் முஹம்மது கல்லூரியும் தொடங்கப்பெற்றன. பெண் கல்வி குறித்துப் பலர் தயங்கிய காலத்தில், நீதிபதி பஷீர் அஹ்மத் சயீத் அவர்கள் 1955-இல் தேனாம்பேட்டையில் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையின் சார்பில் மகளிர் கல்லூரியை நிறுவினார்கள்.

நம் தாம்பரத்திற்கு அருகில் வண்டலூர் வழியாகச் செல்லும் எவரும் கிரசென்ட் வளாகத்தைக் காணலாம். கீழக்கரையில் பிறந்து, கடல் கடந்து வணிகம் செய்து பொருளீட்டிய பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984-இல் அங்குப் பொறியியற் கல்லூரியைத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் அவர்கள் மறைந்தார்கள். வளாகம் இன்றும் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. இக்கல்லூரிகள் அனைத்திலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்று வந்துள்ளனர். ரூமா கிணற்றின் பாடம் இங்கும் தொடர்கிறது.

உலகெங்கும் அதே பாடம்

1859-இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த வீரர்களைக் கண்டு மனம் வருந்திய ஹென்றி துனான் எடுத்த முயற்சியால் 1863-இல் செஞ்சிலுவை இயக்கம் பிறந்தது. 1876-இல் உஸ்மானியப் பேரரசு அதே பணிக்குச் செம்பிறையைச் சின்னமாக்கியது. குஜராத்தின் பாண்ட்வாவில் பிறந்து கராச்சியில் குடியேறிய அப்துல் சத்தார் எதி, 1951-இல் ஒரு சிறு மருந்தகத்துடன் பணியைத் தொடங்கினார். பின்னர் அது உலகின் மிகப்பெரிய தன்னார்வ ஆம்புலன்ஸ் சேவைகளில் ஒன்றாக வளர்ந்தது. பெற்றோர் கைவிடும் சிசுக்களுக்காகத் தம் நிலையங்களின் வாசலில் தொட்டில்களை வைத்தார். சடலத்தை எடுக்கும்போது அதன் மதத்தை அவர் கேட்டதில்லை. 2016-இல் அவர் மறைந்தார்.

ஆப்பிரிக்கப் பஞ்சத்தைக் கண்டு கலங்கிய டாக்டர் ஹானி அல்பன்னாவும் அவருடைய தோழர்களும் 1984-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இஸ்லாமிக் ரிலீஃப் அமைப்பைத் தொடங்கினார்கள். அதற்குக் கிடைத்த முதல் நன்கொடை 20 பென்ஸ் என்று அவ்வமைப்பினரே கூறுவர். அந்தச் சில்லறையிலிருந்து பல நாடுகளில் பணிபுரியும் நிறுவனம் எழுந்தது. பெரும் பணம் இருந்தால்தான் தொண்டு செய்யலாம் என்போருக்கு இது தக்க விடையாகும்.

ஏடு இழந்தால் சொத்தும் இழப்பு

இவ்வளவு கொடுத்த சமுதாயத்தின் வக்ஃபுகள் பல ஏன் அழிந்தன? ஆட்சியாளர்களின் அபகரிப்பு ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. 1894-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், குடும்பத்தாருக்குப் பயன்படும் வக்ஃபுகள் செல்லாவென்று தீர்ப்பளித்தது. முஹம்மது அலீ ஜின்னா கொண்டுவந்த மசோதாவின் வழியே 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அநீதியைச் சரிசெய்தது.

ஆனால் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம், முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும் என்றது. கணக்கு ஒழுங்காக இருந்திருந்தால் அப்படியொரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? பின்னர் 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் 1995-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கடும் எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் உள்ளாயிற்று. அதே ஆண்டில் வக்ஃபு சொத்துகளின் விவரங்களை மத்திய அரசின் இணையதளத்தில் பதிவேற்றும்படி கோரப்பட்டது. அந்த நேரத்தில் பல ஊர்களில் நிர்வாகிகள் பழைய பெட்டிகளைத் திறந்து பத்திரம் தேடினார்கள். செல்லரித்த தாளும், பெயர் மாறிய பட்டாவும், வாய்மொழி நினைவும்தான் சிலருக்குக் கிடைத்தன. கொடுத்தவர் மனம் தூய்மையாக இருந்தது. காப்பவர் ஏடு ஒழுங்காக இல்லை. உமர் (ரலி) அவர்களின் தோட்டத்துப் பாடத்தை நாம் மறந்ததன் விலை இது.

நம் வாசலில் வந்த வெள்ளம்

இனி நம் பகுதிக்கு வருவோம். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாற்றின் தலைப்பகுதியிலுள்ள ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் உபரிநீர் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. சென்னையிலும் புறநகரிலும் பள்ளிவாசல்கள் தங்கும் இடங்களாகத் திறந்துவிடப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களையும் சுத்தம் செய்து கொடுத்ததை நாளேடுகள் வெளியிட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அண்டை மீனவ மக்களுக்கு உணவளித்ததும் இதே மரபில் வந்ததே.

அந்த நாட்களில் நிவாரணப் பொருட்களைப் பங்கிடும் பொறுப்பு என்னிடமும் சிலரிடமும் இருந்தது. அரிசியும் போர்வையும் வந்து குவிந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, கையிலிருந்த சந்தாப் பதிவேட்டையே எடுத்தேன். பெயர் இருந்தவர்களுக்குப் பொருள் சென்றது. மூன்றாம் நாள் மாலை, முழங்காலளவு சேற்றில் கைக்குழந்தையுடன் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். கட்டி முடியாத ஒரு கட்டடத்தில் காவலாளியாக இருந்தவரின் மனைவி அவர். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். "எங்க பேரு நோட்டுல இல்லைன்னு சொன்னாங்க, ஐயா" என்றார். அதைச் சொன்னவர் வேறு யாருமல்லர். என் சொற்படி வாசலில் நின்ற இளைஞர்தாம். மீதமிருந்ததைக் கொடுத்தோம். போர்வை தீர்ந்துவிட்டிருந்தது.

அன்று இரவு ரூமா கிணறு என் நினைவுக்கு வந்தது. அந்தக் கிணற்றடியில் யாரும் பதிவேட்டை விரித்து வைத்திருக்கவில்லை. எத்தனையோ ஜும்ஆ உரைகளில் அதைச் சொன்ன நானே, தேவை வந்தபோது வாசலில் ஏட்டை வைத்துவிட்டேன். ஏடு வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் கொடுத்ததற்குக் கணக்கு எழுதவே அது வேண்டும். வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கு அன்று.

மார்க்கச் சட்டத்தையும் இங்கே தெளிவுபடுத்துவது கடமை. ஜகாத்திற்கு எட்டு வகையினர் குறிக்கப்பட்டுள்ளனர். பெரும்பான்மையான இமாம்களின் கருத்துப்படி அது முஸ்லிம்களுக்குரியது. ஆனால் ஸதகா என்னும் பொதுத் தர்மத்தைப் பிற சமயத்தாருக்கு வழங்குவதில் தடையில்லை. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்கள் தம் யூத உறவினருக்குச் சொத்தில் பங்கு வைத்துச் சென்ற செய்தியை அறிஞர்கள் எடுத்துக் காட்டுவர். எனவே ஜகாத் நிதியையும் பொது நிவாரண நிதியையும் ஒரே பெட்டியில் இடாமல் தனித்தனியே வைத்திருந்தால், சங்கடமான நேரத்தில் தயக்கம் இராது.

நாம் செய்ய வேண்டியவை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மீண்டும் நீரில் மூழ்கின. மழை இனியும் வரும். ஆகவே நிர்வாகக் குழுவினரிடமும் ஜமாஅத்தாரிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, பள்ளிவாசலுக்கு யார் எதைக் கொடுத்தாலும், அது ஒரு மின்விசிறியாக இருப்பினும், நோக்கத்துடன் எழுத்தில் பதிவு செய்வோம். நிலப் பத்திரங்களின் நகல்களை இரண்டு இடங்களில் வைப்போம். அவற்றுள் ஒன்று வெள்ளம் எட்டாத மாடியில் இருக்கட்டும்.

இரண்டாவது, பைத்துல்மாலில் பேரிடர் நிதி என்று தனிக்கணக்கு தொடங்குவோம். அதன் வரவு செலவை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கணக்கைக் கேட்பவரை எதிரியாக எண்ண வேண்டா. அவர் முத்தவல்லியின் மறுமைப் பாரத்தைக் குறைப்பவர்.

மூன்றாவது, பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களின் வீட்டுப் பட்டியல் ஒன்றை ஆயத்தப்படுத்துவோம். வாடகைக்கு இருப்போர், காவலாளிகள், வடமாநிலத் தொழிலாளர்கள், தனித்து வாழும் முதியோர் ஆகிய அனைவரும் அதில் இடம்பெற வேண்டும். பெண்களின் தேவையை அறியப் பெண்கள் சிலரையும் அப்பணியில் சேர்ப்போம். ஹஃப்ஸா (ரலி) அவர்களின் முன்மாதிரி நமக்குண்டு.

உஸ்மான் (ரலி) அவர்களின் கிணறும் உமர் (ரலி) அவர்களின் தோட்டமும் அந்தத் தலைமுறையுடன் முடிந்துவிடவில்லை. நாம் விட்டுச்செல்வதும் அவ்வாறே நிலைக்க வேண்டும். அடுத்த மழையில் நம் வாசலுக்கு வரும் எவரும் தம் பெயர் ஏட்டில் இல்லை என்று கேட்டுத் திரும்பும் நிலை வராதிருக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! நம் முன்னோரின் தர்மங்களை ஏற்று, நம் பிழைகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.