ஹெவி மெட்டல் இசை: ஆப்பிரிக்கக் குழுக்களும் சிங்கப்பூர்த் தமிழரும்

ஹெவி மெட்டல் என்பது ராக் இசையிலிருந்து பிரிந்து வளர்ந்த இசைவகை. உச்ச ஒலியில் அதிரும் மின் கிட்டார், வேகமான டிரம்ஸ், அடித்தொண்டையிலிருந்து எழும் குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். சாவு, போர், அழிவு, தெய்வம், பேய் ஆகியவை இதன் பாடுபொருள்கள். இங்கிலாந்தின் தொழில் நகரம் ஒன்றில் பிறந்த இவ்விசை இருபது ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வேரூன்றியது. சிங்கப்பூரில் தமிழ் இளைஞர்களும் இதைக் கைக்கொண்டனர். சென்ற இடமெல்லாம் இது ஒரே குற்றச்சாட்டைச் சந்தித்தது: இது சாத்தான் வழிபாடு, ஊரைக் கெடுக்கும் இரைச்சல். அக்குற்றச்சாட்டை ஒவ்வோர் ஊரும் எப்படி எதிர்கொண்டது என்பதே மேற்குக்கு வெளியே மெட்டல் இசையின் வரலாறு.

தோற்றம்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரைச் சேர்ந்த பிளாக் சாபத் குழு 1970 பிப்ரவரி 13 அன்று தன் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. மெட்டல் இசையின் தொடக்கமாகப் பெரும்பாலும் இந்த இசைத்தட்டே கொள்ளப்படுகிறது. குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடது கையால் மீட்டும் பழக்கம் கொண்ட அவருக்குத் தந்திகளை அழுத்த வலது கை விரல்களே தேவை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார். அழுத்துவதற்கு எளிதாக இருக்கும்படி தந்திகளின் இறுக்கத்தைக் குறைத்தார். சுருதி கீழிறங்கியது, ஒலி கனத்தது. அந்தக் கனத்த ஒலி பின்னர் இவ்விசைவகையின் பொது இயல்பாயிற்று.

1980-களில் இவ்விசை கேசட்டுகள் வழியே பரவியது. வானொலியும் பெரிய நிறுவனங்களும் கண்டுகொள்ளாத குழுக்கள் தம் பாடல்களைத் தாமே பதிவுசெய்து அஞ்சலில் அனுப்பின. பெற்றவர்கள் படியெடுத்துப் பிறருக்கு அனுப்பினர். ஒளிநகல் எடுத்த சிற்றிதழ்கள் முகவரிகளைப் பரிமாறின. பிரேசிலின் பெலோ ஹொரிசோன்டே நகரில் தோன்றிய செபுல்துரா உலகப் புகழ் பெற்றபோது, மெட்டல் இசைக்கு இங்கிலாந்தும் அமெரிக்காவும் மட்டுமே ஊற்று அல்ல என்பது உறுதியாயிற்று. அக்குழு 1996-இல் வெளியிட்ட ‘ரூட்ஸ்’ தொகுப்பில் பிரேசிலின் சவாந்தே பழங்குடியினரோடு இணைந்து இசைத்தது. சொந்த மண்ணின் தாளத்தை மெட்டலுக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அது உலகறிந்த எடுத்துக்காட்டாக அமைந்தது.

சிங்கப்பூரும் ருத்ராவும்

தமிழர் பங்களிப்பில் குறிப்பிடத்தக்கது சிங்கப்பூரின் ருத்ரா இசைக்குழு. 1992-இல் இந்திய வம்சாவளி இளைஞர்கள் இதைத் தொடங்கினர். பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் கலைஞர் சிவா ஆகியோர் இதன் தூண்கள். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தொகுப்பு 1998-இல் வந்தது. 2003-இல் ‘குருக்ஷேத்ரா’ வெளியானது. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் பெயரில் மூன்று தொகுப்புகள் வந்தன. ஆங்கிலப் பாடல் வரிகளோடு வடமொழி மந்திரங்களும் இவற்றில் இடம்பெற்றன. அத்வைத வேதாந்தமே மையப் பொருள். தம் இசையை இவர்கள் ‘வேதிக் மெட்டல்’ என்று அழைத்தனர். சிங்கப்பூர் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் இக்குழுவையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் இணைத்து 2009-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

ருத்ரா தோன்றிய சூழல் உரத்த இசைக்கு இணக்கமானது அல்ல. 1970-களில் சிங்கப்பூர் அரசு நீண்ட தலைமுடி வைத்த ஆண்களுக்கு எதிராக இயக்கமே நடத்தியது. அரசு அலுவலகங்களில் அவர்களுக்குக் கடைசியாகவே சேவை வழங்கப்படும் என்று சுவரொட்டிகள் அறிவித்தன. 1972-இல் லெட் செப்பலின் குழுவின் நிகழ்ச்சி அவர்களின் தலைமுடி காரணமாகவே நடைபெறாமல் போனது. 1990-களின் தொடக்கத்தில், இசை நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் ஒருவர் மீது ஒருவர் மோதி ஆடும் ஆட்டத்துக்கும் தடை வந்தது.

அதே நகரில் தமிழரின் மேளத்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகள் வாசிப்பது 1973-இல் தடைசெய்யப்பட்டது. ஊர்வலத்தில் சச்சரவுகள் நேர்ந்தன என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காவடி எடுப்பவருக்கு உறுமியும் தவிலும் வழித்துணை. வேல் குத்தியவரின் கால் தளராமல் காப்பது தாளமே என்பது பக்தர்களின் நம்பிக்கை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2016-இல்தான் ஊர்வலப் பாதையின் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. மின் கிட்டாரும் உறுமியும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டையும் கட்டுப்படுத்தத் தூண்டிய அச்சம் ஒன்றுதான்: உரத்த தாளம் கேட்டுக் கூடும் இளைஞர் கூட்டம் கைமீறிவிடும் என்பது.

எகிப்தும் மொராக்கோவும்

ஆப்பிரிக்காவில் அந்த அச்சம் சிறைக்கூடம் வரை சென்றது. 1997 ஜனவரியில் எகிப்துக் காவல்துறை சுமார் 100 இளைஞர்களை வீடுகளில் புகுந்து கைது செய்தது. பெரும்பாலோர் நடுத்தர, வசதியான குடும்பங்களின் பிள்ளைகள். மெட்டல் இசை கேட்டதும் கறுப்புச் சட்டை அணிந்ததும் அவர்கள் மீதான ஐயத்துக்குக் காரணம். அவர்கள் மனந்திரும்பாவிட்டால் மதம் துறந்தவருக்குரிய மரண தண்டனை பொருந்தும் என்று நாட்டின் தலைமை முஃப்தி அறிவித்தார். இறுதியில் ஆதாரம் இல்லாததால் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். ஆனால் எகிப்தின் மெட்டல் குழுக்கள் பல ஆண்டுகள் மேடையேற முடியவில்லை.

2003-இல் மொராக்கோவின் காசாபிளாங்கா நகரில் 14 இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் விசாரிக்கப்பட்டு, ஒரு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை பெற்றனர். இஸ்லாத்தின் அடித்தளத்தை அசைத்தனர் என்பது குற்றச்சாட்டு. கறுப்புச் சட்டைகளும் குறுந்தகடுகளும் நீதிமன்றத்தில் சான்றுகளாக வைக்கப்பட்டன. தீர்ப்புக்கு எதிராக ரசிகர்களும் அறிவாளர்களும் குரல் எழுப்பினர். மேல்முறையீட்டில் பெரும்பாலோர் விடுதலையாயினர். 1999-இல் காசாபிளாங்காவில் தொடங்கிய லு பூல்வார் இசைவிழா இந்நிகழ்வுக்குப் பின்னும் தொடர்ந்து வளர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் இந்த ஐயம் கிறித்தவ வடிவம் கொண்டது. மாந்திரீகம் தொடர்பான குற்றங்களை விசாரிக்கக் காவல்துறை 1992-இல் தனிப் பிரிவையே ஏற்படுத்தியது.

சாவின் உருவங்கள்

மண்டை ஓடு, எலும்புக்கூடு, சவப்பெட்டி ஆகியவை மெட்டல் இசைத்தட்டுகளின் உறைகளில் நிறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் இவற்றைத் தீமையின் வழிபாடாகக் கொள்வது எளிது. சாவின் உருவத்தைக் கையாள்பவர் சாவை வணங்குகிறார் என்று கொள்ளத் தேவையில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு.

கும்பகோணத்துக்குத் தெற்கே, குடமுருட்டி ஆற்றை ஒட்டியுள்ள வலங்கைமானில் மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. பாடைகட்டி மாரியம்மன் என்பது ஊர் வழக்கு. கடும் நோயுற்றவர் பிழைத்தால் பாடைக்காவடி எடுப்பதாக இங்கே நேர்ந்துகொள்வர். பங்குனி விழாவின்போது, பிழைத்தவர் பிணம்போல் பாடையில் படுத்துக்கொள்வார். உறவினர் சுமந்து செல்வர். முன்னே தீச்சட்டியும் பறைமேளமும் செல்லும். கோயிலை வலம் வந்தபின் பாடையிலிருந்து அவர் எழுந்து அம்மனை வணங்குவார். முதன்முதலாகப் பார்க்கும் வெளியூர்க்காரர் திகைத்துப்போவார். ஊராருக்கோ அது சாவை ஒருமுறை நடித்துக் கழித்துவிடும் சடங்கு, உயிர் மீண்டதற்கான நன்றி. சடங்கின் பொருள் அதைச் செய்யும் ஊருக்குத்தான் முதலில் தெரியும். மெட்டல் ரசிகர்களின் கூட்டத்துக்கும் இது பொருந்தும்.

போட்ஸ்வானாவும் அங்கோலாவும்

போட்ஸ்வானா கால்நடை வளர்ப்பில் சிறந்த நாடு. அங்குள்ள மெட்டல் ரசிகர்கள் தோல் உடையும் மாட்டுக்காரர் தொப்பியும் உலோகக் குமிழ் பதித்த வார்களும் அணிந்து தெருவில் நடப்பர். தென்னாப்பிரிக்க ஒளிப்படக் கலைஞர் ஃபிராங்க் மார்ஷல் எடுத்த படங்கள் 2010-ஐ ஒட்டி வெளிவந்தபோதுதான் உலகம் இவர்களைக் கவனித்தது. ஆனால் தலைநகர் கபரோனியின் ரஸ்ட் குழு 2000 முதலே இயங்கிவந்தது. கலஹாரிப் பகுதியின் கான்சி நகரில் 2008-இல் ஓவர்திரஸ்ட் குழு தோன்றியது. அதன் பாடகர் காவல்துறையில் பணியாற்றுபவர். குழு நடத்தும் குளிர்கால இசைவிழாவின் வருவாய் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் பிற அறப்பணிகளுக்கும் செல்கிறது. தொடக்கத்தில் அஞ்சிய ஊரார், கறுப்புத் தோலாடை அணிந்தவர்கள் தம் அண்டை வீட்டுப் பிள்ளைகளே என்பதைக் கண்டபின் இணங்கினர். 2016-இல் இக்குழு ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் இசைத்தது.

அங்கோலாவில் 1975 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 1993-இல் உவாம்போ நகரம் 55 நாள் முற்றுகையில் சிதைந்தது. அந்நகரில் ஒகுத்யுகா என்னும் ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய சோனியா ஃபெரைராவும் இசைக்கலைஞர் வில்கர் ஃபுளோரசும் அங்கே மெட்டல் இசைவிழா நடத்த முனைந்தனர். மின்சாரமும் கருவிகளும் அரிதான நகரில் அவர்கள் பட்ட பாட்டை ஜெரமி சைடோ இயக்கிய ‘டெத் மெட்டல் அங்கோலா’ ஆவணப்படம் 2012-இல் பதிவுசெய்தது. குண்டுச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இவ்விசை புதிய வன்முறையாகப் படவில்லை. நெஞ்சில் தேங்கியதை வெளியேற்றும் வழியாகவே அவர்கள் அதைக் கொண்டனர்.

சொந்த மொழி, சொந்தத் தாளம்

ஆப்பிரிக்கக் குழுக்களின் அடுத்த கட்டம் மொழியிலும் தாளத்திலும் நிகழ்ந்தது. துனிசியாவில் 2001-இல் தொடங்கிய குழு பின்னர் மிராத் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அச்சொல்லுக்கு மரபுச்செல்வம் என்பது பொருள். வட ஆப்பிரிக்க இசையின் சாயல் இக்குழுவின் பாடல்களில் தெளிவாகக் கேட்கும். மடகாஸ்கரின் லோஹாரானோ மலகாசி மொழியில் பாடுகிறது. அப்பெயர் நீரூற்றைக் குறிப்பது. டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 2010-இல் உருவான அர்க்கான் அஸ்ரஃபோகோர் ஏவே மக்களின் முரசுகளை மின் கிட்டாரோடு இணைத்தது. அதன் ‘ட்சிக்கூ’ தொகுப்பு 2024-இல் வெளியானது. கென்யாவின் டூமா இருவர் குழுவின் பெயருக்குக் கிகுயு மொழியில் இருள் என்று பொருள். அதன் முதல் தொகுப்பை 2020-இல் வெளியிட்டது லண்டன் நிறுவனம் அல்ல, அண்டை நாடான உகாண்டாவின் நிறுவனம். அமெரிக்க எழுத்தாளர் எட்வர்ட் பாங்ஸ் 2016-இல் வெளியிட்ட ‘ஹெவி மெட்டல் ஆஃப்ரிக்கா’ நூல் இக்கண்டத்துக் குழுக்கள் பலவற்றை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இவ்விசை பெரும்பாலும் கல்லூரி விழாக்களின் வழியே வளர்ந்தது. 2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் குழு பெங்களூரில் இசைத்தபோது அண்டை மாநிலங்களிலிருந்தும் ரசிகர்கள் திரண்டனர். 2009-இல் சுவீடனின் ஓபெத் குழு சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் இசைத்தது. எனினும் இங்குள்ள ரசிகர்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்களை அறிந்த அளவுக்கு லோமேயையும் கான்சியையும் அறிந்ததில்லை. ருத்ராவும் தமிழ் வாசகரிடையே பரவலாக அறியப்படவில்லை. இசைத்தட்டு வணிகத்தின் பாதைகள் லண்டன், நியூயார்க் வழியே சென்றதால், தெற்கிலிருந்து தெற்குக்கு இசை வந்துசேர நாளாயிற்று. இணையம் அந்தச் சுற்றுவழியைக் குறைத்திருக்கிறது.

கெய்ரோவிலும் காசாபிளாங்காவிலும் இளைஞர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது அவர்களின் உடையும் உறைப்படமும்தான். கான்சியில் ஊராரின் அச்சம் தணிந்தது சட்டத்தாலோ தீர்ப்பாலோ அன்று, அருகிருந்து பார்த்ததால். சிங்கப்பூரில் உறுமி ஊர்வலத்துக்குத் திரும்ப நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.